ஆவன செய்யவும்

ஜூன் 10, 2019, திங்கள்

இன்றைக்கு ஐம்பத்திரண்டு பேர். நர்ஸ் ருக்குமணி தங்கைக்கு வளைகாப்பு என்று லீவு போட்டுவிட்டாள். ஊசி போடுவதும் நானே, மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நானே, "அடுத்த நெம்பர்" என்று கத்துவதும் நானே. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் கிளினிக் நடத்துகிறேன், தொண்டை கட்டியது இன்றைக்குத்தான்.

நாச்சிமுத்து அண்ணன் வந்திருந்தார். மஞ்சள் ஏலம் நடக்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் டோக்கன் கொடுத்தவர். மூட்டையோடு வருகிற விவசாயிகளுக்கு வந்த வரிசைப்படி எண் கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்ற புதிதில் என் கிளினிக் வாசலில் கூட்டம் முண்டியடிப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து தகரத்தில் அறுபது வில்லை வெட்டி, ஆணியால் எண் குத்திக் கொண்டுவந்து கொடுத்தார். இன்றுவரை அந்த வில்லைகள்தான் ஓடுகின்றன. இன்று அவருக்கு வந்தது முப்பத்தொன்று. பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். "முன்னாடி வாங்கண்ணா" என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், எனக்குத் தெரியும்.

எடை ஐம்பத்தெட்டு. பொங்கலுக்கு வந்தபோது அறுபத்தைந்து. "மூட்டையோட எடை கேளுங்க, சொல்றேன். எம்பட எடை எனக்குத் தெரியாதுங்க டாக்டரம்மா" என்று சிரித்தார். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறதாம். வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரின் விஷயம் போலச் சொன்னார். பக்கத்து லேபில் ரத்தம் பார்த்தால் எட்டுதான் இருக்கிறது.

இது எனக்குப் பிடிக்கவில்லை. இரைப்பையில் டியூப் விட்டுப் பார்த்தாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "சிபாரிசுக் கடிதம் தர்றேண்ணா. குடல் பிரிவுல இதைக் காட்டுங்க, வரிசையில நிக்க வேண்டாம், நேரா உள்ள விட்டுருவாங்க" என்றேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே வாஷிங் மெஷின் மெக்கானிக் போன் செய்து எட்டு நிமிஷம் கழுத்தை அறுத்தான். பெல்ட் தேய்ந்துவிட்டதா, மோட்டார் போய்விட்டதா என்று போனிலேயே கண்டுபிடிக்கப் பார்க்கிறான். விவரமாக எழுதி, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மெக்கானிக் நாளைக்கு வருகிறானாம்.

ஜூன் 11, செவ்வாய்

வரவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம். சுற்று வட்டாரத்தில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். குடல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் இளமாறன் ஏற்பாடு. முப்பத்தெட்டு வயதிருக்கும். கையில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியோடு மேடை ஏறினார். பெட்டி நிறைய நாங்கள் நோயாளிகளிடம் கொடுத்தனுப்பிய கடிதங்கள். பெயரை மறைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்.

ஒன்றில் "தலைவலி" என்று மட்டும் இருந்தது. ஒன்றில் மருந்துக் கம்பெனியின் விளம்பரத் தாளில் ஒரு கையெழுத்து, வேறெதுவும் இல்லை. பத்தில் ஆறு கடிதம் ஒரே மாதிரி முடிந்தது: பார்த்து ஆவன செய்யவும். அடுத்தடுத்து அவர் அதையே வாசிக்க வாசிக்க அரங்கமே சிரித்தது. நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

இளமாறன் சிரிக்கவில்லை. "இப்படி ஒரு லெட்டரை வெச்சு நான் என்னங்க செய்ய? எது அவசரம், எது சாதாரணம்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த லெட்டரோட வர்றவங்கள நாங்க பொது வரிசைக்குத்தான் திருப்பி அனுப்புவோம். வேற வழியில்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து கேட்டேன். "இருபத்திரண்டு வருஷமா அனுப்பறேன். நான் விவரமாத்தான் எழுதறேன். உங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பதில் வந்ததுண்டா? அனுப்பின ஆளு என்ன ஆனாருன்னு நான் கோயில்ல பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

கைதட்டினார்கள். இளமாறனும் தட்டினார். வாய் சும்மா இருக்கிறதா, அங்கேயே என்னைக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். ஒரே பக்கத்தில் புதுப் படிவம் ஒன்று தயாரிக்க வேண்டும். மேல் பாதியில் நாங்கள் எழுதுவது, கீழ்ப் பாதியில் அவர்கள் பதில்.

போண்டா நன்றாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

நாச்சிமுத்து அண்ணனின் மனைவி பாவாயி அம்மா முட்டி வலிக்கு வந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"மூணு தடவ போயிட்டு வந்துட்டாருங்க. காத்தால அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனாருன்னா பொழுதோடத்தான் வர்றாரு. மாத்திரை குடுத்திருக்காங்க."

"டாக்டர் பாத்தாங்களா?"

"பாத்தாங்களாமா. ஒண்ணுமில்லீன்னுட்டாங்களாமா."

மனசு லேசானது. நாம்தான் வீணாகப் பயந்துவிட்டோம் போலிருக்கிறது. என்ன மாத்திரை என்று கேட்க நினைத்தேன், அதற்குள் பாவாயி அம்மா முட்டியைக் காட்டி அழ ஆரம்பித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி பார்த்தாகிவிட்டது. இனி அவர்கள் பாடு.

வாஷிங் மெஷினை என் வீட்டுக்காரரே கழற்றிவிட்டார். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு மோட்டார் எம்மாத்திரம் என்று கேட்டார். பின்கட்டு முழுவதும் திருகாணி.

ஜூலை 14, ஞாயிறு

கமிட்டி. மூன்று மணி நேரம் ஒரு பக்கத் தாளுக்கு. எடை குறைந்ததா, எவ்வளவு, எத்தனை மாதத்தில்? ரத்தம் எவ்வளவு? எதைச் சந்தேகிக்கிறீர்கள்? எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும்? அந்தக் கடைசிக் கேள்வி என் யோசனை. இளமாறன் எழுந்து நின்று பாராட்டினார்.

நோயாளிக்குப் புரிகிற மாதிரி தாளின் தலையில் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று பேச்சு வந்தது. 'பரிந்துரைக் கடிதம்' என்றார் ஒருவர். பரிந்துரை என்றால் எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? வாயில் நுழையாத வார்த்தையைப் போட்டு என்ன பயன்? "சனங்க வாயில இருக்கற வார்த்தையப் போடுங்க. சிபாரிசுக் கடிதம்னு போட்டாத்தான் கொடுக்கற கையும் வாங்கற கையும் மதிக்கும்" என்றேன். ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். முதல் கட்டமாக ஆயிரம் தாள் அச்சுக்குப் போகிறது.

வஞ்சிக்கொடி மேடம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று வேறு சொன்னார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆடிக் காற்று. கண்வலி, சளி, கண்வலி, சளி. நாச்சிமுத்து அண்ணன் இந்தப் பக்கம் வருவதேயில்லை. குணமாகியிருக்கும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

பதினான்காம் நெம்பர் உள்ளே வந்தபோது யாரோ என்று நினைத்தேன். சட்டை நாச்சிமுத்து அண்ணனுடையது, உள்ளே ஆள் இல்லை. எடை நாற்பத்தொன்பது. கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன். தேட வேண்டியதே இல்லை, கல் மாதிரி கையில் தட்டியது. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

"என்னுங்க டாக்டரம்மா, இருக்குதுங்களா?" என்றார்.

ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். குடல் பிரிவு இல்லை, பொதுப் பிரிவுச் சீட்டு. ஜூன் பதினேழு, ஜூன் இருபத்துநான்கு, ஜூலை ஒன்று, ஜூலை இருபத்தொன்பது, இப்படி ஐந்து தேதிகள். எல்லாவற்றிலும் அதே வரி, வயிற்றெரிச்சல். எல்லாவற்றிலும் அதே மாத்திரை.

"என் லெட்டரைப் பாத்துட்டா இப்படி எழுதினாங்க?" என்று கத்தினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"டாக்டருங்க பாத்தாங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் எதிரிலேயே இளமாறனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். நாங்கள் விவரமாக எழுதி அனுப்புவது குப்பைக்கூடைக்கா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், அந்தப் பேருல எங்களுக்கு லெட்டரே வரல. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க, நானே பாக்கறேன்" என்றார். பொய் சொல்கிறார். தொலைத்துவிட்டு வரவில்லை என்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, புதன்

கிளினிக்கைப் பூட்டிவிட்டு என் காரிலேயே கூட்டிப் போனேன். பாவாயி அம்மா பின்சீட்டில் ஒரு சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டியூப் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மதியம் இளமாறன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இரைப்பையில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டது. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. "ஜூன்ல வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஜூன்ல ஆபரேஷன் பண்ணிப் பாத்திருப்பேன், மேடம்" என்றார்.

திரும்பும் வழியில் அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்தார். கரும்பு லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த முடியாமல் பின்னாலேயே போனேன். அப்போதுதான் சொன்னார்.

"அந்த டாக்டரத் திட்டாதீங்க டாக்டரம்மா. கடுதாசிய நான் காட்டலீங்க."

பிரேக்கை அழுத்திவிட்டேன்.

"வேலைக்குச் சேந்த மொத வருசமுங்க. ஒரு பெரிய மனுசங்ககிட்ட இருந்து சிபாரிசுச் சீட்டு வந்துது, இன்னாரு வண்டிய முன்னால விடுன்னு. நானும் சின்னப் பையன், பயந்துட்டு விட்டுப்போட்டனுங்க. அதுக்குப் பின்னால ஒரு வயசாளி, ரெண்டே மூட்டை, முந்தின நாளு ராத்திரியே வந்து படுத்துக் கெடந்தவரு. அவரு மூட்டைய எறக்கறதுக்குள்ள மழ புடிச்சுக்கிச்சு. நனைஞ்ச மஞ்சள எவனுங்க ஏலம் கேப்பான்? அந்த மனுசன் என்னைய ஒரு வார்த்த பேசலீங்க. மூட்டைய மறுக்கா வண்டியில ஏத்தச் சொல்லி, எங்கிட்டயே ஒரு கை புடிக்கச் சொன்னாரு. அன்னைக்கோட விட்டனுங்க. அதுக்கப்பறம் எவுரு சீட்டுக் குடுத்தாலும் கிழிச்சுப் போட்டுட்டு வரிசையில வாங்கன்னுருவேன். முப்பத்தாறு வருசம் அப்பிடிச் சொன்னவன், எனக்கொண்ணு வந்ததும் சிபாரிசத் தூக்கீட்டு முன்னால போயி நிக்கறதுங்களா? அங்க எனக்கு முன்னால ஒரு புள்ள கைக்கொழந்தைய வெச்சுட்டு நின்னுட்டு இருந்துச்சுங்க."

"அது சிபாரிசு இல்லண்ணா, உங்க நோயைப் பத்தின விவரம்" என்றேன்.

"நீங்க சிபாரிசுன்னுதானுங்க சொன்னீங்க" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. "உங்க கடுதாசிங்கறதால கிழிக்கலீங்க. பத்தரமா வெச்சிருக்கேன்."

பின்னால் பாவாயி அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். படித்தவள், என்ன பேசுகிறோம் என்று தெரியாதா? நோய் விவரம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்குக் காது சரியாகக் கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இந்த நோட்டில் ஜூன் பத்தாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சரி, வார்த்தை என்னுடையது. ஆனால் கடிதம் கடிதம்தானே. எடை, ரத்தம், கறுப்பாகப் போவது எல்லாம் அதில் இருந்தது. காட்டியிருந்தால் அன்றைக்கே டியூப் விட்டிருப்பார்கள். பாவாயி அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். "எல்லாம் எழுதித்தான் கொடுத்தேன்மா. காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." அவர் புருஷன் படுத்திருந்த அறையை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்க வேண்டாம்.

அந்த உறை அண்ணன் தலைமாட்டில் அலமாரியில் இருக்கிறது. கேட்டு வாங்கவில்லை. எதற்கு?

செப்டம்பர் 8, ஞாயிறு

கமிட்டியில் சண்டை. 'சிபாரிசுக் கடிதம்' என்று அச்சான ஆயிரம் தாளையும் தூக்கிப் போட வேண்டும் என்றேன். "நீங்கதானே மேடம் அந்தப் பேரே வெச்சீங்க" என்றார்கள். ஆமாம், நான்தான். காரணத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்ல ஆரம்பித்தேன், பாதிக்கு மேல் முடியவில்லை. மீதியை, என்னிடம் முன்பே போனில் கேட்டிருந்த இளமாறன் சொன்னார். 'நோய் விவரத் தாள்' என்று மாற்றியிருக்கிறோம். அதோடு இன்னொன்றும் சேர்த்தோம். தாளில் எழுதியதை நோயாளிக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும், உறையை ஒட்டக் கூடாது.

செப்டம்பர் 19, வியாழன்

வாரம் இரண்டு முறை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். வலிக்கு மருந்து கொடுப்பது தவிர வேலை ஒன்றும் இல்லை. மருந்து கொடுத்த அரை மணி நேரத்தில் பேசுகிறார். கிளினிக்கில் கூட்டம் எப்படி என்கிறார். ஏழாம் நெம்பர் வில்லை நசுங்கிவிட்டது என்றேன், கொண்டுவாருங்கள், தட்டிக் கொடுக்கிறேன் என்றார். அடுத்த முறை கொண்டுபோனேன். சுத்தியலைத் தூக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவர் கை மேலே இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நாலு தட்டு தட்டினோம்.

பாவாயி அம்மா அடுக்களையிலிருந்து சத்தமாகப் பேசினார், எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே. "ஊருக்கு ஞாயம் பேசுன மனுசனுக்குப் பொண்டாட்டி ஒருத்தி இருக்கறது நெனப்பில்ல. காட்டுனா என்ன கொறஞ்சு போயிருக்கும்? அந்தம்மா அத்தன எழுதிக் குடுத்தும் சட்டைச் சேப்புல வெச்சுட்டுச் சுத்துன ஆளு இது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

தபாலில் ஒரு பதில் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் பதில். கழுத்தில் கட்டி என்று அனுப்பிய ஒரு அம்மாளைப் பற்றி. 'தாங்கள் குறிப்பிட்டபடி ஏழு நாளுக்குள் பார்த்துவிட்டோம். ஆபரேஷன் முடிந்தது, நலம்.' ருக்குமணி சுவரில் ஒட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

அக்டோபர் 17, வியாழன்

விடிகாலை நாலே முக்காலுக்கு நாச்சிமுத்து அண்ணன் போய்விட்டார். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம்.

பாவாயி அம்மா அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், கடுதாசி இருந்தும் காட்டவில்லை, வீம்பு பிடித்து உயிரை விட்டான் என்று. முப்பது வருடம் நீங்க, வாங்க என்று கூப்பிட்ட புருஷனை இன்றைக்கு அவன், இவன் என்றார்.

நவம்பர் 4, திங்கள்

கருமாதி முடிந்து பாவாயி அம்மா கிளினிக்குக்கு வந்தார். அவருக்கு ஒன்பதாம் நெம்பர். கையில் அந்த உறை. வேர்வை பட்டு மூலைகள் மக்கிப்போயிருந்தன, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"உங்ககிட்டத் திருப்பிக் குடுத்துரச் சொன்னாருங்க. பிரிச்சுக்கூடப் பாக்கல பாருங்க, அந்த மகராசன். ஏனுங்க டாக்டரம்மா, இதக் காட்டியிருந்தாப் பொழச்சிருப்பாருங்களா?"

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைச் சாக்காக வைத்து, அப்புறம் பேசலாம்மா என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பிரிக்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

இவர் வாஷிங் மெஷினைப் பூட்டி முடித்துவிட்டார். ஓடுகிறது. ஐந்து திருகாணி மிச்சம்.

உறை மேசை இழுப்பறையில்.

நவம்பர் 9, சனி

பிரித்தேன்.

எனக்கு இதில் என்ன இருக்கும் என்று தெரியும். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி கரும்பு லாரிக்குப் பின்னால் போகும்போதே தெரியும். அதற்கு முன்பே, ஜூனில் அந்த அரங்கத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேனே, அப்போதே உள்ளே எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எதற்காக அவ்வளவு வேகமாக எழுந்து நின்று நான் விவரமாக எழுதுகிறவள் என்று சொன்னேன்?

என் பெயர் அச்சடித்த தாள். ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'வயிற்று வலி என்கிறார். தயவுசெய்து பார்த்து ஆவன செய்யவும்.' கீழே கையெழுத்து. எடை இல்லை, ரத்தம் இல்லை, கறுப்பாகப் போவது இல்லை. மூன்றும் அன்று ராத்திரி இந்த நோட்டில் எழுதும்போது மட்டும் நினைவிருந்திருக்கிறது.

எட்டு நிமிஷம் பெல்ட்டா மோட்டாரா என்று பேசினேன். கடிதத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. அவர் எதிரில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கடிதத்தோடு வருகிறவர்களைப் பொது வரிசைக்குத்தான் அனுப்புவோம் என்று இளமாறன் சொன்னார்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் பாவாயி அம்மா வீட்டுக்குப் போனேன். முறத்தில் ராகி வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. படத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இந்தக் கடிதத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டறேன்" என்றேன்.

"இனி படிச்சு என்னாகப் போகுதுங்க?"

"கேளுங்கம்மா."

முறத்தைக் கீழே வைத்தார். நான் தமிழில் படித்தேன். "வயிற்று வலி என்கிறார். தயவுசெய்து பார்த்து ஆவன செய்யவும்."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதியைப் படிப்பேன் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாம்மா."

"எல்லாம் எழுதிக் குடுத்தேன்னீங்க?"

"எழுதல. பொய் சொன்னேன். இதை அவரு காட்டியிருந்தாலும், போய் வரிசையில நில்லுங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க. அதே வரிசை. அதே மாத்திரை."

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது. ஒன்றரை வரியையும் விரலால் தடவிப் பார்த்தார், கீழே இருந்த வெற்றிடத்தையும் தடவினார்.

"அப்பிடீன்னா அவரு நின்ன எடம் சரிதானுங்க" என்றார்.

பிறகு திரும்பிப் படத்தைப் பார்த்து உட்கார்ந்தார். "திட்டிப்போட்டனே சாமி, கண்ண மூடறவரைக்கும் திட்டிப்போட்டனே உங்கள" என்று சொல்லி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அக்டோபர் பதினேழாம் தேதி அழ வேண்டிய அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொடலாமா என்று தெரியவில்லை, தொடவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடுக்களைக்குள் போய்க் காபி வைத்துக் கொண்டுவந்தார். வாங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டார்.

என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.